அகற்றிய சவ்வும் உயர்த்திய சவ்வும்: சைனஸ் உயர்த்தல் அறுவையின் வரலாறு

முன்னுரை

மேல்தாடையின் கடைவாய்ப் பற்களை இழந்தவர்க்கு அவ்விடத்து எலும்பு இருபுறமும் குறைகிறது. பற்களைத் தாங்கிய எலும்பு விளிம்பு கீழிருந்து தேய்கிறது. மேலுள்ள சைனஸ் என்னும் காற்றறை கீழ்நோக்கி விரிகிறது. இடையில் எஞ்சும் சில மில்லிமீட்டர் எலும்பு, இம்பிளான்ட் எனப்படும் செயற்கைப் பல்வேரைத் தாங்கப் போதாது. அறையின் தளத்தைப் போர்த்தியுள்ள சளிச்சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அதனடியில் எலும்பு வளர இடமளிப்பதே சைனஸ் உயர்த்தல் அறுவையாகும். இதன் வரலாற்றை அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டமிடமிருந்து தொடங்குவது வழக்கம். ஆயினும், அறுவைக்கான வழி அவருக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்தது. மாறியது சவ்வைப் பற்றிய மதிப்பீடே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

நோயின் இருப்பிடம்

லியொனார்டோ டா வின்சி 1489இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களில் இக்காற்றறை காணப்படுகிறது. 1651இல் இங்கிலாந்தின் நத்தானியேல் ஹைமோர் இதனை விரிவாக விளக்கியமையால் அவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கப்பட்டது. பின்வந்த மருத்துவம் இவ்வறையைச் சீழ் தேங்கும் இடமாகவே பெரிதும் அணுகியது. 1893இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897இல் பாரிசின் ஆன்ரி லூக்கும் மேலுதட்டின் உட்புறம் வழியாக எலும்புச் சுவரில் சாளரம் திறக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். நோயுற்ற சவ்வைச் சுரண்டி அகற்றுவதே அதன் நோக்கம்.

சாளரம் ஒன்று, நோக்கம் வேறு

டேட்டம் 1976இல் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் நடைபெற்ற இம்பிளான்ட் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் தம் முறையை விளக்கினார். அவர் பயன்படுத்தியது கால்டுவெல்–லூக் சாளரத்தின் திருத்திய வடிவமே. முன்னோர் அகற்றிய சவ்வை அவர் காத்து உயர்த்தினார். 1980இல் பிலிப் பாய்னும் ராபர்ட் ஜேம்சும், நோயாளியின் எலும்பையும் மச்சையையும் சைனஸ் தளத்தில் ஒட்டுவைக்கும் முறையை ஆய்விதழில் வெளியிட்டனர். டேட்டமின் கட்டுரை அச்சேறியது 1986இல்தான். எனவே உரையைச் சான்றாகக் கொண்டால் டேட்டமும், அச்சைச் சான்றாகக் கொண்டால் பாய்ன்–ஜேம்சும் முன்னோடிகளாவர். 'முதல்வர்' யார் என்னும் வினாவுக்கான விடை, எதனைச் சான்றாக ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சவ்வின் புதிய பணி

1994இல் ராபர்ட் சம்மர்ஸ் பக்கச் சாளரமின்றி, இம்பிளான்டுக்கான துளை வழியாகவே கருவிகொண்டு தளத்தை உயர்த்தும் முறையை வெளியிட்டார். 2004இல் ஸ்வீடனின் ஸ்டெஃபான் லுண்ட்கிரெனும் உடனாய்வாளரும் ஒட்டெலும்பு ஏதும் வைக்காமலேயே, உயர்த்திய சவ்வுக்கும் தளத்துக்கும் இடையில் எலும்பு உருவாவதைக் காட்டினர். சவ்வை இம்பிளான்டுகள் கூடாரக் கால்கள்போல் தாங்கின; அடியில் உறைந்த குருதியே எலும்பாக்கத்திற்குக் களமாயிற்று.

நிறைவுரை

ஒரு நூற்றாண்டு இடைவெளியில், கழிக்கப்பட்ட சவ்வு எலும்புக்குக் கூரையாயிற்று. இம்மாற்றத்தைத் தனியொருவரின் கண்டுபிடிப்பாக எழுதும்போது, காது மூக்கு தொண்டை மருத்துவம் பல் மருத்துவத்திற்கு அளித்த கொடை மறைந்துபோகிறது. மருத்துவ வரலாற்றை எழுதுவோர், முதற்பெயரைத் தேடுவதோடு நில்லாது, ஒரு செயல்முறை எத்துறையிலிருந்து எந்நோக்கத்தோடு வந்தது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.