லேத் மெசினின் திறப்பு யாரிடம்?

கேர்ட் வொன்னகட்டின் முதல் நாவல் 'பிளேயர் பியானோ'. 1952இல் வந்தது. அதில் ருடி ஹெர்ட்ஸ் என்று ஒரு வயதான மனிதர் வருவார். கதையில் அவருக்குப் பெரிய இடமில்லை, ஆனால் எனக்கு அந்த நாவலில் மனதில் நிற்கிற ஆள் அவர்தான். ருடி ஒரு லேத் தொழிலாளி. இளம் பொறியியலாளர்கள் மூன்று பேர் அவருடைய மெசினில் பதிவுக் கருவியைப் பூட்டி, அவர் வேலை செய்யும்போது கை செய்கிற ஒவ்வொரு அசைவையும் நாடாவில் பிடிக்கிறார்கள். இத்தனை பேருக்குள் தன்னைத் தெரிவு செய்தார்களே என்று ருடிக்குப் பெருமை. வேலை முடிய எல்லாரும் சேர்ந்து பியரும் குடிக்கிறார்கள். அதற்குப் பிறகு லேத்துகளை அந்த நாடாவே ஓட்டுகிறது. ருடி வேண்டாம்.

வொன்னகட் இதைச் சும்மா கற்பனை செய்யவில்லை. 1947 முதல் 1951 வரை நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் இலெக்ட்ரிக் கொம்பனியின் விளம்பரப் பிரிவில் வேலை செய்தவர். ஏறக்குறைய அதே காலத்தில் அந்தக் கொம்பனியின் பொறியியலாளர்கள் அப்படியொரு பதிவு முறையை உண்மையாகவே உருவாக்கியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் தொழிற்சாலைகளைப் பிடித்தது ருடியின் நாடா இல்லை, வேறொன்று. ஏன் அப்படி நடந்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

லேத்தில் சுற்றுவது வேலைத்துண்டு. வெட்டுகிற உளி அதன் பக்கத்தில் நின்று, நீளவாக்கிலும் குறுக்காகவும் நகரும். பழைய கடைசல் வேலையில் அந்த உளி ஆளின் கையில்தான் இருக்கும். மரத்துக்கு அது சரி, இரும்புக்குக் கை ஆடினால் அளவு போய்விடும். லண்டனில் ஜோசப் பிரமாவின் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லி, சம்பளம் கூட்டிக் கேட்டு இல்லையென்றதும் 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். 1800 அளவில் அவர் செய்த திருகு வெட்டும் லேத்தில், உளி இறுக்கமான ஒரு தாங்கியில் பூட்டப்பட்டிருந்தது. அந்தத் தாங்கியை ஒரு நீளத் திருகு இழுத்துக்கொண்டு போகும். திருகைச் சுற்றுவது, வேலைத்துண்டைச் சுற்றும் அதே அச்சோடு பற்சக்கரங்களால் இணைந்த ஓட்டம். பற்சக்கரத்தை மாற்றினால் புரியின் இடைவெளி மாறும். உளி தானாக நகரத் தொடங்கிய கதையில் இது பெரிய திருப்பம். மோட்ஸ்லி தன் காலத்தின் மிகத் திறமையான கைகளுக்குச் சொந்தக்காரர் என்று பெயரெடுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

அடுத்தது அமெரிக்காவில். துப்பாக்கி செய்து பெயர் வாங்கிய கிறிஸ்தோபர் ஸ்பென்சர் 1873இல் ஒரு தானியங்கி லேத்துக்கு ஆக்கவுரிமை எடுத்தார. ஒரு உருளையில் வளைந்த தகடுகளைப் பூட்டிவிட்டால், உருளை சுற்றச் சுற்ற அவை நெம்புகோல்களைத் தள்ளும். உளிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வெட்டிவிட்டுப் போகும். இதற்கு 'மூளைச் சக்கரம்' என்று பெயர். பாவம், ஆக்கவுரிமையில் எல்லாவற்றையும் எழுதினார்கள், அந்தச் சக்கரத்தை மட்டும் சரியாக உள்ளடக்காமல் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மூளைச் சக்கரம் ஒரே மாதிரித் திருகாணி ஆயிரக்கணக்கில் செய்யத்தான் லாபம். பத்துத் துண்டு, இருபது துண்டு வேண்டுமென்றால் தகடுகளை வடிவமைத்துப் பூட்டுகிற செலவே கட்டாது. அந்த வேலை கைப்பிடி சுற்றுகிற தொழிலாளியிடமே தங்கிவிட்டது. எந்த வேகம், எவ்வளவு ஆழம், உளி எப்போது மழுங்குகிறது, இதெல்லாம் அவருடைய காதிலும் விரலிலும் இருந்தது.

இதைத்தான் பிரெடெரிக் டெய்லரால் தாங்க முடியவில்லை. 1878இல் பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்கு ஆலையில் சேர்ந்து, தானே லேத் ஓட்டியவர். மேற்பார்வையாளரானதும் கூட வேலை செய்தவர்களோடு வருடக்கணக்கில் சண்டை. அவர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் உண்மையில் எவ்வளவு வேகம் முடியும் என்று அவருக்கே தெரியாது, தெரிந்தது அவர்களுக்கு. அதைக் கண்டுபிடிக்க 26 வருடம் பரிசோதனை செய்தார். 8 இலட்சம் இறாத்தலுக்கு மேல், அதாவது 360 தொன்னளவு உலோகம் சீவித் தள்ளப்பட்டது. 1906இல் முடிவுகளை வெளியிட்டார். உளியின் வேகத்தைத் தீர்மானிக்க 12 மாறிகள், அவற்றைக் கணக்கிட ஒரு விசேட அளவுகோல். அந்த அளவுகோல் தொழிலாளியின் கைக்கல்ல, திட்டமிடும் அலுவலகத்துக்கு. ஆனாலும் கைப்பிடி தொழிலாளியிடமே இருந்தது.

இப்போது ஸ்கெனெக்டடிக்குத் திரும்பலாம். 1946 தை மாதம் ஜெனரல் இலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் ஆலைகளில் மின்தொழிலாளர் சங்கம் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தது. அந்தச் சூட்டில்தான் பதிவு முறையும் வந்தது. திறமையான ஒருவர் முதல் துண்டை வெட்டுவார், அசைவுகள் காந்த நாடாவில் பதியும், மிச்சத் துண்டுகளை நாடா வெட்டும். சின்ன எண்ணிக்கைக்கும் பொருந்தும், பெரிய கணக்கும் தேவையில்லை. வேலை தெரிந்த ஆள் இல்லாமல் நாடாவே இல்லை.

மற்றப் பாதை மிச்சிகனில் தொடங்கியது. ஜோன் பார்சன்ஸ் ஹெலிகொப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைகோட்டில் 200 புள்ளிகளை ஐ.பி.எம். துளை அட்டை மெசினில் கணக்கிட்டு, ஒருவர் எண்களை வாசிக்க, மற்றவர்கள் கைப்பிடிகளை அந்த எண்ணுக்குத் திருப்பினார்கள். எண்ணே நேரடியாக மெசினைத் திருப்பினால் என்ன என்பது அடுத்த யோசனை. 1949 ஆனியில் அமெரிக்க விமானப்படை ஒப்பந்தம் கொடுத்தது. எம்.ஐ.டி.யின் ஆய்வுகூடம் துணை ஒப்பந்தக்காரராக உள்ளே வந்து, போகப்போக முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 1952 புரட்டாதியில், துளையிட்ட கடதாசி நாடாவால் மூன்று அச்சில் நகரும் மில்லிங் மெசின் ஒன்றைக் காட்டினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வெற்றிடக் குழாய்கள். எண்வழிக் கட்டுப்பாடு, சுருக்கமாக என்.சி., இப்படித்தான் பிறந்தது. லேத்துக்கும் விரைவில் வந்தது. கொஞ்சப் பேருக்கே கட்டுப்படியாகிற விலை. ஐம்பதுகளின் நடுவில் விமானப்படையே நூறுக்கும் மேற்பட்ட மெசின்களை வாங்கி விமானக் கொம்பனிகளின் ஆலைகளில் வைத்திருக்காவிட்டால், இது ஆய்வுகூடத்திலேயே கிடந்திருக்கலாம்.

டேவிட் நோபிள் 1984இல் எழுதிய 'போர்சஸ் ஒப் புரொடக்சன்' இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது. பதிவு முறையைக் கைவிட்டது அது மோசமானதென்பதால் இல்லை, அதில் அறிவு தொழிலாளியிடமே இருந்ததால் என்பது அவர் வாதம். என்.சி.யில் நிரலை அலுவலகம் எழுதும், கீழே நிற்பவர் பொத்தானை அழுத்துவார். டெய்லரின் கனவு.

நோபிளோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. விமான இறக்கையின் வளைபரப்பை எந்தக் கையாலும் வெட்டிக் காட்டிப் பதிவு செய்ய முடியாது. அதற்கு எண்தான் வேணும். பதிவு முறை ஆளின் தடுமாற்றத்தையும் சேர்த்தே பதியும் என்று பொறியியலாளர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு தண்டையோ வளையத்தையோ கடைகிற சாதாரண லேத்துக்கு அந்தச் சாட்டுப் பொருந்தாது. சாதாரணப் பட்டறைக்கு எது நல்லதென்று கேட்க ஆளில்லாமலே, விமானப்படையின் தேவை எல்லாருடைய தேவையாகிவிட்டது. இதில் நோபிள் சொல்வது சரி என்றே படுகிறது.

அதுக்காக ருடி காணாமல் போகவுமில்லை. நிரல் எழுதியவருக்கு வார்ப்பில் எங்கே கடினப் புள்ளி இருக்கு, உளி எப்ப மழுங்கும் என்று தெரியாது. அதனால் மெசினில் ஒரு திருகுபொத்தான் வைத்தார்கள், நிரல் சொன்ன ஊட்ட வேகத்தைக் கூட்டக் குறைக்க. தொழிலாளர்கள் அதை 70, 80 சதவீதத்தில் வைத்துவிட்டு ஆறுதலாக நின்றதை நோபிள் பதிவு செய்கிறார். ஜெனரல் இலெக்ட்ரிக்கின் லின் ஆலையில் அறுபதுகளின் கடைசியில் கழிவும் தாமதமும் தாங்காமல், நிர்வாகமே தொழிலாளர்களிடம் கூடுதல் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தது. சில வருடத்தில் அதை நிறுத்தியும் விட்டது. மேற்பார்வையாளர்களின் அதிகாரம் கேள்விக்குள்ளானதுதான் காரணம் என்கிறார் நோபிள்.

எழுபதுகளில் கணினி மெசினுக்குள்ளேயே வந்து சி.என்.சி. ஆனது. கீழே நிற்பவரே திரையில் பார்த்து நிரலைத் திருத்தலாம். தொழில்நுட்பம் அவருக்குத் திரும்பக் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இன்றைக்கும் ஒரு சி.என்.சி. லேத்தின் கட்டுப்பாட்டுப் பலகையைப் பாருங்கோ. பொத்தான்களுக்கு நடுவில் பல மெசின்களில் சின்னதாக ஒரு திறப்புத் துவாரம் இருக்கும். திறப்பை ஒரு பக்கம் திருப்பினால் நிரலைத் திருத்தலாம், மற்றப் பக்கம் திருப்பினால் முடியாது. சில பட்டறைகளில் அந்தத் திறப்பு எப்பவும் மெசினிலேயே தொங்கும். சில இடங்களில் அது மேற்பார்வையாளரின் சட்டைப் பையில் இருக்கும்.