மடை திறந்தவருக்கு ஊருணி இல்லை

தோழர்களே, குடிமராமத்து என்றதும் ஊரே ஒன்றுகூடிக் கண்மாயைத் தூர்வாரும் காட்சிதான் நம் மனதில் வருகிறது. அந்த ‘ஊர்’ யார்? அதில் சேரி இருந்ததா?

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் நிறைந்தால்தான் நெல். மடையைத் திறப்பது, வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சுவது, அடைமழையில் விடிய விடியக் கரையைக் காப்பது எல்லாம் நீர்ப்பாய்ச்சியின் வேலை. சில ஊர்களில் அவரை மடைக்குடும்பன் என்பார்கள். வடமாவட்டங்களில் நீர்க்கட்டி. பெரும்பாலும் இவர்கள் பள்ளர் அல்லது பறையர். குமிழி மடை என்றால் ஆழத் தண்ணீரில் முங்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். கூலி, அறுவடையில் கிடைக்கும் நெல். ஆனால் மடை திறந்தவரின் வீட்டுப் பெண்கள் பல ஊர்களில் குடிநீர் ஊருணியில் குடத்தை நனைக்க முடியாது.

இந்த உழைப்பை வெள்ளையர் அரசு சட்டமாகவே எழுதியது. 1858ஆம் ஆண்டின் சென்னை கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை வேலைக்கு அழைக்கலாம் என்றது. நிலத்தைக் காக்க வேண்டும். ஆனால் மண் சுமக்க வேண்டியவர் நிலத்துக்காரர் அல்ல!

எதிர்ப்பும் நம்மிடமிருந்தே வந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்துவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இது நடந்தது. தீர்மானம் நிறைவேறியது. ஊருணிப் படிகள் அதனால் மட்டும் திறந்துவிடவில்லை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. பணிகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களிடம் போயின. ஆயக்கட்டில் நிலம் இருந்தால்தான் அங்கே குரல். தலைமுறை தலைமுறையாகக் கண்மாயின் ஆழமும் மேடும் அறிந்த, நிலமில்லாத நீர்ப்பாய்ச்சிக்கு என்ன இடம்?

பழைய முறையை மீட்போம் என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதியை என்று கேளுங்கள். களஆய்வுக்குப் போகும் மாணவர்களே, கரையின் நீளத்தை அளப்பதோடு நிற்காதீர்கள். மீன் ஏலம் யாருக்குப் போகிறது, கடைமடையில் யார் நிலம் இருக்கிறது, சங்கப் பதிவேட்டில் சேரியிலிருந்து எத்தனை பெயர் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நீர்ப்பாய்ச்சி இன்னும் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கண்மாயின் வரலாறு அவரிடம்தான் இருக்கிறது.