ஏரிக்குள் நகர், கரையில் சேரி

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைத்தான் காணோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்த நீர். ‘லாங் டேங்க்’ என்று பேர் வைத்து வெள்ளைக்காரன் அதில் படகுப்போட்டி விட்டான். 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், நகரமைப்புத் திட்டம் என்று சொல்லி அதைத் தூர்த்து மனை பிரித்தார்கள். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பேர் அந்த நகருக்கு வந்தது. ஏரியில் கிடந்த மீனும் நாரையும் என்ன ஆச்சு? நகரத்தின் பெருமை பேசுகிற புத்தகங்களுக்கு அது ஒரு சங்கதியே இல்லை. தண்ணீர் மட்டும் மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது.

தியாகராயரைப் பற்றி நாம் மறக்கக்கூடாத சேதி வேறொன்று உண்டு. 1921இல் பி அண்டு சி மில் வேலைநிறுத்தம், அதையொட்டிப் புளியந்தோப்புக் கலவரம். அப்போது ஆதிதிராவிடர்களைச் சென்னை நகரத்தை விட்டே அப்புறப்படுத்தச் சொன்னவர் அவர். எம்.சி. ராஜா வெகுண்டார், 1923இல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார். தியாகராயர் சொன்னது அன்றைக்கு நடக்கலை. எண்பது வருசம் கழித்து நடந்தது, ஆறு குளத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில்.

மயிலாப்பூருக்குள் போகிற பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்தத் துண்டு 1877-78இல் தோண்டப்பட்டது, தாது வருசப் பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாக. மண் சுமந்தவர்கள் பட்டினியில் கிடந்த கூலிச் சனங்கள். அந்தக் காலத்துப் பஞ்சக்கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்கு.

அதே கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்களை அரசாங்கம் இறக்கியது. 1997இல் திருமயிலை வரைக்கும் ரயில் வந்தது. அகலமாக ஓடின தண்ணீர் சாக்கடையாய்ச் சுருங்கியது. அதற்குப் பேர் வளர்ச்சி. 2022 ஏப்ரல் கடைசியில், உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி, கால்வாய்க் கரையில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். அதற்குப் பேர் ஆக்கிரமிப்பு அகற்றல். தலைமுறை தலைமுறையாய் அங்கே இருந்த ஒரு முதியவர் மே மாதம் தீக்குளித்துச் செத்துப்போனார். தூண்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் இதே கதைதான். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி விமான ஓடுதளம் போட்டவர்கள் இருக்க, குடிசைக்காரன்தான் வெள்ளத்துக்குக் காரணமாம்!

சரி, பிடுங்கின சனத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000இல் கண்ணகி நகரில் குடியேற்றம் தொடங்கியபோது அது மாநகராட்சி எல்லைக்கே வெளியே; 2011இல்தான் எல்லை அதுவரை நீண்டது. இந்த இடங்களெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்வு. தென்சென்னை ஏரிகளின் மிகுநீர் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாய் அதே பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துத்தான் கடலுக்குப் போகணும். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று கிளப்பியவர்கள் வெள்ளம் தங்குகிற இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் தரைத்தள வீட்டுக்காரர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள்.

சதுப்பைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் நம் எதிரிகள் இல்லை; அவையும் இருக்க இடமில்லாமல் ஒதுங்கினவைதான். 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமானதில் சந்தோசமே. ஆனால் அந்தச் சதுப்புக்குள் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: பெருங்குடிக் குப்பைமேடு, தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், காற்றாலை ஆய்வு நிறுவனம். சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள். நாளைக்கு நீர்வழியை மீட்கச் சொல்லி ஒரு தீர்ப்பு வந்தால் புல்டோசர் முதலில் எந்த வாசலில் வந்து நிற்கும்?