வானத்திலிருந்து வந்த வோல்டேஜ்

மின்விசிறி மெல்லச் சுற்றினால் “வோல்டேஜ் கம்மியா இருக்கு” என்கிறோம். பாடப்புத்தகம் இதை மின்னழுத்த வேறுபாடு என்கிறது. நம் வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டாகக் குடியிருக்கும் இந்தக் கருத்து மின்சாரத்துக்காகப் பிறந்ததல்ல, கோள்களுக்காகப் பிறந்தது.

1770களில் பெர்லினில் இருந்த கணித அறிஞர் லாக்ராஞ்சுக்கு ஒரு சிக்கல். பல பொருள்கள் ஒன்றை ஒரே நேரத்தில் ஈர்த்தால், ஒவ்வோர் ஈர்ப்புக்கும் அளவும் உண்டு, திசையும் உண்டு. அத்தனை அம்புகளையும் கூட்டுவது பெரும்பாடு. அவர் வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் திசையில்லாத ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்த்தார். எண்களைக் கூட்டுவது எளிது. கூட்டியபின், அந்த எண் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டால் விசை கைக்கு வந்துவிடும். மலையின் உயரங்களைக் குறித்துவைத்தால் சரிவு தெரிந்துவிடுவதைப் போல!

1785இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும், மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையும் ஈர்ப்பைப் போலவே தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்று அளந்து காட்டினார். விதி ஒன்றானால் கணக்கும் ஒன்றுதானே? 1812இல் பாரிசில் கணித அறிஞர் புவாசோன், வானியலாரின் அந்த எண்ணை மின்சாரத்துக்கு இரவல் வாங்கினார்.

அதற்குப் பெயர் வைத்தவர் ஒரு மாவு ஆலைக்காரர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே, ரொட்டி சுடுபவரின் மகன் ஜார்ஜ் கிரீன், தந்தையின் காற்றாலையில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் போனது ஏறத்தாழ ஓராண்டுதான். 1828இல் சந்தாதாரர்களை நம்பி ஒரு நூலை வெளியிட்டார். வாங்கியவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று மேல். ‘பொடென்ஷியல்’, அதாவது மின்னழுத்தம், என்ற சொல் அதில்தான் வந்தது. நூல் உறங்கிப்போனது. அதை அறியாமலேயே ஜெர்மனியில் காவுஸ், 1840இல் அதே கருத்துக்கு அதே பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டே கிரீன் காலமானார்.

1845 ஜனவரி. பாரிசுக்குப் புறப்படவிருந்த இளைஞர் வில்லியம் தாம்சன், வெகுநாள் தேடிய அந்த நூலைக் கேம்பிரிட்ஜில் தம் ஆசிரியரிடமே கண்டார். பாரிசில் அதைப் புரட்டிய கணித அறிஞர் ஸ்டர்ம், தாம் கண்டறிந்த தேற்றம் அங்கே முன்பே இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். தாம்சனின் முயற்சியால் பெர்லின் இதழ் ஒன்று 1850 முதல் அதை மறுபதிப்புச் செய்தது.

இதற்கிடையே லண்டனில் கொல்லர் ஒருவரின் மகன், கணிதமே இல்லாமல் எதிர்த்திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். மைக்கேல் ஃபாரடே, வெளி முழுவதும் விசைக்கோடுகள் நிறைந்திருப்பதாகக் கண்டார். அதுவே மின்புலம். ரொட்டிக்காரர் மகன் எண்ணுக்குப் பெயர் தந்தார், கொல்லர் மகன் அம்பைத் தந்தார். தாம்சனும் மேக்ஸ்வெல்லும் இரண்டையும் இணைத்தார்கள்: மின்னழுத்தம் மலையின் உயரம் என்றால், மின்புலம் அதன் சரிவு. சரிவு செங்குத்தாக இருக்குமிடத்தில் புலம் வலிது. அம்பு எப்போதும் இறக்கத்தை நோக்கும். இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டில் உள்ள கழித்தல் குறி சொல்வது அதைத்தான்.

கடலடியிலும் இந்தச் சரிவு வேலை செய்தது. மலாய்க் காடுகளின் மரப்பிசின் குட்டா பெர்ச்சா, 1840களில் சிங்கப்பூர் வழியாக லண்டனுக்கு வந்து, தந்திக் கம்பிகளின் காப்புறை ஆனது. 1858இல் அட்லாண்டிக் கடலில் இட்ட கம்பி ஏற்கெனவே பழுதோடு இருந்தது. அதில் சுமார் 2,000 வோல்ட் செலுத்தினார் தந்தி நிறுவனத்தின் மின்பொறியாளர் வைட்ஹவுஸ். சில வாரங்களிலேயே கம்பி மௌனமானது. 2,000 வோல்ட் உயரத்தைக் காப்புறையின் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இறக்கினால், சரிவு மீட்டருக்கு 5 லட்சம் வோல்ட்!

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு, மின்கலத்தைத் தந்த வோல்ட்டாவின் பெயரை மின்னழுத்தத்தின் அலகுக்கு முறைப்படி ஏற்றது. மின்புலத்துக்கோ தனிப்பெயர் கொண்ட அலகு தேவைப்படவில்லை. ‘மீட்டருக்கு இத்தனை வோல்ட்’ என்ற அளவிலேயே இரண்டின் உறவும் எழுதப்பட்டிருக்கிறது.

11,000 வோல்ட் கம்பியில் காக்கை நிம்மதியாக அமர்ந்திருப்பதும் அந்த உறவால்தான். அது நிற்பது மிக உயரமான மேடு. ஆனால் அதன் இரு கால்களுக்கு இடையே சரிவு ஏறத்தாழ இல்லை.