மறுகுடியமர்வுப் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்கள்: முறையிட வேண்டிய அலுவலகம் எது?

குடியிருப்போர் நலச் சங்கம் என்றதும் அண்ணா நகரும் அடையாறும்தான் பலருக்கு நினைவில் எழுகின்றன. கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழும் கோரிக்கைகளும் ஏறத்தாழ அவையே: குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், பேருந்து. ஆனால் அண்ணா நகரின் சங்கம் யாரிடம் மனு கொடுப்பது என்று தேடி அலைவதில்லை. தலித் மக்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்ட இப்பகுதிகளில் அந்தத் தேடலே முதல் போராட்டமாக இருக்கிறது. அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் உருவானது. குடிசைப் பகுதிகள் சட்டம் 1971-இல் வந்தது. மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடு கட்டித் தருவதே வாரியத்தின் தொடக்ககால அணுகுமுறை. இச்சட்டத்தின்கீழ் சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளும், 1985-இல் மேலும் 17 பகுதிகளும் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் அறிவிப்பு நின்றுபோனது. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்தோர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆக்கப்பட்டது இப்படித்தான்.

2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியேற்றம் தொடங்கியது. அப்போது அந்த இடம் ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியில் இருந்தது. மாநகராட்சியின் வாக்காளர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் ஊராட்சியின் குடிமக்களானார்கள். பணியிடம் நகருக்குள்ளேயே இருந்தது. அவர்களின் குரலைக் கேட்க வேண்டிய மாமன்றமோ எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் கண்ணகி நகர் மீண்டும் நகருக்குள் வந்தது. பெரும்பாக்கத்தில் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. எட்டு மாடிக் கட்டடங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியபோது அங்கிருந்த உள்ளாட்சி அமைப்பு ஒரு கிராம ஊராட்சி. அந்த அளவு கழிவுநீரைக் கையாளவோ, மின்தூக்கிகளைப் பராமரிக்கவோ உருவாக்கப்பட்ட அமைப்பு அல்ல அது.

கட்டடம் வாரியத்துடையது; தெருவும் குப்பையும் உள்ளாட்சியினுடையவை; பேருந்து வேறொரு நிறுவனத்துடையது. கழிவுநீர் பொங்கினால் அது கட்டடக் குழாயின் குறையா, தெருக் குழாயின் குறையா என்பதிலிருந்தே வழக்குத் தொடங்குகிறது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த கிராமத்தில்கூட எல்லை எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2021-இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. அதன் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தின்படி, குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தால் அரசு அதற்கு இணையான தொகையை வழங்கும். சங்கங்களுக்கு ஏற்பு கிடைத்ததை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இக்கணக்கில் ஓர் அநீதி உண்டு. வேலையிழந்த குடும்பங்கள் மிகுந்த கட்டடத்தில் வசூல் குறையும். வசூல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும். அதிகப் பழுதுள்ள கட்டடத்துக்குக் குறைந்த பணம் கிடைக்கும் நிலை இதனால் உருவாகலாம். வீட்டை விட்டு அகற்றியதும், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியதும் அரசின் முடிவுகள். அவற்றின் செலவில் பாதியைக் குடியிருப்போர் தலையில் கட்டுவதை 'பொறுப்பு' என்று அழைப்பதை நாம் ஏற்க இயலாது.

சங்கங்களுக்கு உடனடியாகப் பயன்படும் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 6(3) பிரிவின்படி, மனு தவறான அலுவலகத்துக்குச் சென்றால் அந்த அலுவலகமே ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். "இந்தக் கழிவுநீர்க் குழாயைப் பராமரிக்கும் அலுவலகம் எது? கடந்த ஆண்டு அதற்குச் செலவிட்ட தொகை எவ்வளவு?" என இரண்டே கேள்விகள் போதும். கிடைத்த பதிலை ஊராட்சிப் பகுதியினர் கிராம சபையிலும், மாநகராட்சிப் பகுதியினர் பகுதி சபையிலும் வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும்.