புழுவும் குருவியும் தேயிலையும்

பண்டாரவளையில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டார். இலண்டனில் வாழும் அவருடைய மகள், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் குருவிகளுக்கு மாவுப்புழுக்களை விலைக்கு வாங்கிப் போடுகிறாராம். அதனை இங்கும் செய்யலாமா என்பதே கேள்வி. தவிட்டிலும் மாவிலும் வளரும் ஒருவகைக் கருவண்டின் இளம்பருவமே மாவுப்புழு. மேலைநாடுகளில் அதனை வளர்த்து விற்பது ஒரு தொழில். நண்பருக்கு நான் சொல்லத் தொடங்கிய விடை, ஊவாவின் வரலாறாக நீண்டுவிட்டது.

காடழித்து, மலை மலையாக ஒரே பயிரை நட்டபோதே, அப்பயிரை உண்ணும் உயிர்களுக்கும் வெள்ளையர் விருந்து வைத்துவிட்டனர். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. இலைகளை நூலால் ஒட்டிக்கொண்டு, உள்ளிருந்தபடியே தின்னும் இலைச்சுருட்டுப் புழுவும் தேயிலையோடு பெருகியது.

மைனாவும் கொண்டைக்குருவியும் புழு பொறுக்குபவைதாம். ஆயினும் மலை முழுவதும் பரவிய புழுவை அவை மட்டும் தின்று தீர்க்க இயலாது. ஆகவே 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவியைத் தருவித்தது. இக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவருபவை புழுவைத் தின்றே வளரும். சில ஆண்டுகளில் தொல்லை அடங்கியது.

அடுத்து நேர்ந்ததுதான் பாடம். தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிப்பதற்காக, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் டீல்ட்ரின் என்ற நஞ்சு தெளிக்கப்பட்டது. அது குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் கொள்ளைநோயாக எழுந்தது. பூச்சியியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது.

அதே டீல்ட்ரின் கலந்த விதைகளை உண்டு, 1960, 1961ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் வயல்களில் பறவைகள் செத்து விழுந்தன. அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் தமது ‘மௌன வசந்தம்’ நூலை 1962இல் வெளியிட்டார். 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் டீல்ட்ரினையும் சேர்த்தது. தோட்டங்களில் அதனைக் கையாண்டவர்கள் லயங்களில் வாழ்ந்த நம் மக்கள். ஆய்வேடுகளில் குளவிக்குப் பெயர் உண்டு, அவர்களுக்கு இல்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். மாவுப்புழு போடுவதில் தவறில்லை. சிறிதளவே போடவேண்டும். உலர்ந்த புழுவாயின் நீரில் ஊறவைத்துக் கொடுக்கவேண்டும். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால், வளரும் குஞ்சுகளுக்கு அது மட்டுமே உணவாகிவிடக் கூடாது. தட்டைக் கழுவி வைக்கவேண்டும். பூனை எட்டாத இடமும் வேண்டும்.

ஆனால் அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. வேலியோரத்தில் சருகை எரிக்காமல் விடுங்கள். மரக்கறிப் பாத்தியில் மருந்தடிப்பதை நிறுத்துங்கள். லயத்து வாசலில் நம் தாய்மார் சுளகில் அரிசி புடைத்தபோது, சிந்திய நொய்யையும் வண்டையும் கொத்தக் குருவிகள் அழைக்காமலே வந்தன. நஞ்சில்லாத மண்ணுக்கு அவை இன்றும் வரும். புழுவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.