மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? – ரத்த அழுத்தம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

அம்மாவின் பழைய பிரஷர் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் பதினேழு பதிவுகள். 140/90, 150/90, 130/80, 160/100... பதினேழும் பூஜ்யத்தில்தான் முடிகின்றன. கதை, கவிதை என்று பிரதிகளை வாசித்தே பழகிப்போனவனுக்கு இதையும் ஒரு பிரதியாக வாசிக்கத் தோன்றியது. பாதரசக் கருவியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு. பார்த்தபடி எழுதினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு எண்தான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். ஆக, அந்த நோட்டில் பதிவாகியிருப்பது அம்மாவின் ரத்தம் மட்டுமல்ல. வரிசையில் நின்ற கூட்டமும் எழுதிய கையின் அவசரமும்தான். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. பூஜ்யத்தின் மீதான இந்த மோகத்தைப் பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

முக்கியமானது வேறு. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. "கொஞ்சம் கூட இருக்கு, உப்பக் குறைங்க, கோவப்படாதீங்க." அவ்வளவுதான். 'ரத்தக் கொதிப்பு' என்கிற நம் சொல்லும் இதற்குத் துணைபோகிறது. கொதிப்பு என்றாலே கோபம்தானே! அம்மா குரலை உயர்த்தினால் "பிரஷர் ஏறிடுச்சு" என்று அப்பா சிரிப்பார். ஒரு பெண்ணின் நியாயமான கோபத்தைச் செல்லாக்காசாக்கும் சொல்லாடலாக நோயின் பெயரே மாறிவிடுகிற இடம் இது. அம்மாவோ தலைசுற்றல் இல்லாத நாட்களில் மாத்திரையை நிறுத்திவிடுவாள். உடம்பு ஒன்றுமே சொல்லாதபோதும் அழுத்தம் ஏறியிருக்கும் என்பது அவளுக்கு விளக்கப்படவே இல்லை.

அளத்தலின் வரலாற்றில் இந்த மௌனம் புதிதல்ல. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண்குதிரையை மல்லாத்திக் கட்டிப்போட்டு, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கியது. 1733இல் இதை நூலாக வெளியிட்டார். மனிதர்களைக் கீறாமல் அளக்க, இத்தாலியின் டூரின் நகரில் 1896இல் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கொண்டுவந்தார். சைக்கிள் ட்யூப் ரப்பரால் செய்தது. மணிக்கட்டில் நாடி மறைந்து திரும்புவதை விரலால் பார்ப்பது அவர் முறை. அதனால் மேல் எண் மட்டுமே கிடைத்தது. கீழ் எண்ணுக்கு நிகோலாய் கொரோட்கோவ் வரவேண்டியிருந்தது. ரஷ்ய-ஜப்பானியப் போரில் அடிபட்ட ரத்தக்குழாய்களைக் காதால் கேட்டுப் பழகிய அறுவை மருத்துவர். 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பக்கத்துக்கும் குறைவான அறிக்கை தந்தார்: முழுக்க அமுங்கிய குழாயில் சத்தமில்லை, முழுக்கத் திறந்ததிலும் இல்லை, பாதி அமுங்கியதில்தான் சத்தம். (இதை வைத்து ஒடுக்குமுறை பற்றி உருவகம் செய்ய நண்பர்கள் சிலருக்குக் கை துறுதுறுக்கலாம். வேண்டாம்.)

எண் யாருக்குச் சொல்லப்பட்டது? அமெரிக்காவில் அதை முதலில் அக்கறையோடு கேட்டவர்களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் உண்டு. நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே விண்ணப்பதாரர்களின் அழுத்தத்தை அளக்கத் தொடங்கியது. எண் கூடியவர் சீக்கிரம் சாகிறார் என்பது கணக்குப் பேரேட்டில் தெரிந்தது. மருத்துவர்கள் பலரோ, வயதாக ஆக இந்த ஏற்றம் உடம்புக்குத் தேவை என்று 1930களிலும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இது ஏழைகளுக்கு மட்டும் நேர்ந்த இருட்டடிப்பா என்றால், இல்லை. 1944 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த ஹவார்ட் புரூயன் கண்டது 186/108. நோயாளியிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ரூஸ்வெல்ட்டும் கேட்கவில்லை. அந்த ஆண்டே நான்காவது முறையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு, அப்போது 300/190. உலகப் போரை நடத்தியவரும் என் அம்மாவும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தது ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர். "சத்தம் ஆரம்பிக்கிற இடம் மேல, நிக்கிற இடம் கீழ. காத்த மெதுவா விடுங்க தம்பி, ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு மில்லிதான் எறங்கணும். வேகமா விட்டா ரெண்டுமே தப்பும்." அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரவைப்பது, கால் தரையில் படுவது, கை நெஞ்சு மட்டத்தில் இருப்பது, அளக்கும்போது பேசக்கூடாது என்பது – எல்லாம் சொன்னார். முதல் வாரம் எனக்குக் கேட்டதெல்லாம் என் காதின் இரைச்சல்தான். பிறகு ஒருநாள் டொக், டொக் என்று கேட்டது. அம்மாவின் காதில் ஸ்டெத்தை மாட்டிக் கேட்கச் சொன்னேன். இதயம் அமுக்கித் தள்ளும்போது குழாய்ச் சுவரில் படுகிற அழுத்தம் மேல் எண், அது இளைப்பாறும்போதும் குழாயில் மிஞ்சியிருப்பது கீழ் எண் என்றேன். "அப்ப நா தூங்கும்போதும் அது தள்ளிட்டேதான் இருக்கா?" என்றாள். கோபத்தைப் பற்றி அதன் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, பெண் தன்னார்வலர் ஒருவர் டிஜிட்டல் கருவியோடு வீட்டுக்கே வந்தார். படியேறி வந்த பக்கத்து வீட்டு அக்காவின் கையில் பட்டையைச் சுற்றப் போனவரை அம்மா தடுத்தாள். "அஞ்சு நிமிஷம் உக்காரட்டும்மா, அப்புறம் போடு." அவர் உட்காரவைத்தார். 143/87 என்று வந்தது.

"இதென்ன, ஒத்தப்படையில வருது?" என்றாள் அம்மா.